எழிலா, இயல்பா? ஆண்ட்ராய்டு இடைமுகத்தில் தமிழ் எழுத்துருவின் உயரம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பயனர் இடைமுக நிரலாக்கத்தில் எழுத்துருவைத் தேர்வது அழகியல் சார்ந்த சிறுசெயலாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் 2014 முதல் வழங்கிவரும் 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்னும் பண்புக்கூற்றின் வரலாற்றை முன்வைத்து அக்கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. தமிழில் குறில் நெடில் வேறுபாடும் மெய், உயிர்மெய் வேறுபாடும் பெரும்பாலும் எழுத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அமைந்துள்ளன. எனவே உயரத்தைக் குறுக்குவது எழுத்தை வேறுபடுத்தும் உறுப்புகளையே குறுக்குவதாகும். இலத்தீன் எழுத்தின் அளவைப் பொது அளவாகக் கொண்டமையே சிக்கலின் வேர் என்பதும், அவ்வளவைக் கைவிட ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, பயனர் இடைமுகம், வரி உயரம், புள்ளி, குறில் நெடில், ஆண்ட்ராய்டு, நோட்டோ சான்ஸ் தமிழ்.

1. முன்னுரை

தமிழ்க் கணிமை குறித்த ஆய்வுகள் நெடுங்காலம் குறியேற்றத்தையே மையமாகக் கொண்டிருந்தன. டிஸ்கி, 1999ஆம் ஆண்டுச் சென்னைத் 'தமிழ்நெட் 99' மாநாட்டை ஒட்டி எழுந்த டாப், டாம் ஆகிய தரங்கள், பின்னர் ஒருங்குறி, அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட டேஸ் 16 என அவ்விவாதம் தொடர்ந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு டேஸ் 16ஐ மாற்றுத் தரமாக அறிவித்த பின்னர் அவ்விவாதத்தின் வேகம் தணிந்தது. எழுத்து எந்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது என்னும் வினாவுக்கு ஒருவாறு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் வாசகர் காண்பது எண்ணை அன்று, வடிவத்தை. அவ்வடிவம் திரையில் எவ்வளவு இடம் பெறுகிறது, அவ்விடத்தை அளப்பவர் யார், எந்த எழுத்தை அளவுகோலாகக் கொண்டு அளக்கிறார் என்னும் வினாக்கள் தமிழாய்வில் உரிய கவனம் பெறவில்லை. குறியேற்றச் சிக்கல் வெளிப்படையானது. எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தோன்றும்போது எவரும் அதனைக் கண்டுகொள்வர். இடைமுகத்தில் நேரும் வடிவச் சிக்கலோ அமைதியானது. புள்ளி மங்கும், சுழி மழுங்கும், வாசகர் தம் கண்பார்வையைக் குறைகூறிக்கொண்டு படித்துமுடிப்பார்.

2. பெட்டியின் இலக்கணம்

இடைமுக நிரலாக்கத்தில் ஒவ்வோர் உரைத்துண்டும் ஒரு பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. பொத்தான், பட்டியலின் ஒரு வரி, உள்ளீட்டுக் கட்டம், அறிவிப்புப் பட்டை ஆகிய யாவும் பெட்டிகளே. பெட்டியின் உயரத்தை இருவகையில் தீர்மானிக்கலாம். எழுத்துருக் கோப்பில் பதிந்துள்ள மேலெழுச்சி, கீழிறக்கம் ஆகிய அளவுகளிலிருந்து பெறுவது ஒன்று. வடிவமைப்பாளர் முன்கூட்டியே ஓர் எண்ணை நிறுத்திவிடுவது மற்றொன்று. முதல்வகையில் எழுத்துக்கேற்பப் பெட்டி அமைகிறது. இரண்டாம்வகையில் பெட்டிக்கேற்ப எழுத்து அமைய வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் இரண்டாம்வகையே மிகுதி. வடிவமைப்பு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு வரையப்படுகிறது. அவ்வரைபடத்தில் உள்ள எண்ணை நிரலர் அப்படியே நிரலில் எழுதுகிறார். இலத்தீன் எழுத்துக்கு அடிக்கோடு, சிற்றெழுத்து உயரம், பேரெழுத்து உயரம் என்னும் வரையறைகள் உள்ளன. அவற்றுக்கு மேலும் கீழும் செல்லும் உறுப்புகள் சில எழுத்துகளுக்கே உரியவை. பேரெழுத்தில் மட்டும் எழுதப்பட்ட ஆங்கிலப் பொத்தானில் கீழிறங்கும் உறுப்புகள் ஏறத்தாழ இல்லையெனலாம். அத்தகைய சொல்லுக்கு வரைந்த பெட்டியில் 'முடிவுறுத்து' என்னும் சொல்லை இட்டால் மேலே இகரக் கொக்கியும் புள்ளியும், கீழே உகர வால்களும் இடம் தேடுகின்றன.

வலைப்பக்க நிரலாக்கத்திலும் இந்நிலை உண்டு. வரி உயரத்தை இயல்பாக விட்டுவிட்டால் உலாவி எழுத்துருவின் அளவுகளைக் கருத்திற்கொள்ளும். எண் ஒன்றால் நிறுத்திவிட்டால், முதலெழுத்துருவில் தமிழ் இல்லாமல் மாற்றெழுத்துருவிலிருந்து தமிழ் பெறப்பட்டாலும், அம்மாற்றெழுத்துருவின் உயரத்தைப் பொருட்படுத்தாமல் குறித்த எண்ணே வரியை ஆளும். அடுத்தடுத்த வரிகளில் மேல்வரியின் உகர வாலும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் ஒன்றோடொன்று உரசுவதற்கு இது ஒரு காரணமாகும்.

3. ஒரு பண்புக்கூற்றின் வரலாறு

ஆண்ட்ராய்டு தளம் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் எழுத்துருவைப் பயன்படுத்திவருகிறது. அதனுடன் 'நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ' என்னும் மற்றொரு வடிவமும் உருவாக்கப்பட்டது. பெயரிலுள்ள 'யூஐ' பயனர் இடைமுகத்தைக் குறிக்கும். தளத்தின் எழுத்துரு அமைப்புக் கோப்பில் முன்னது 'எலிகன்ட்', அதாவது எழில்வடிவம் எனவும், பின்னது 'காம்பேக்ட்', அதாவது செறிவடிவம் எனவும் குறிக்கப்பட்டன. இவ்விரண்டில் எதனைக் காட்டுவது என்பதை நிரலர் தீர்மானிக்க 2014இல் வெளியான ஆண்ட்ராய்டு 5.0இல் 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்னும் பண்புக்கூறு சேர்க்கப்பட்டது. நிரலர் எதுவும் கூறாதவிடத்துச் செறிவடிவமே தோன்றும்.

இப்பண்புக்கூற்றுக்குத் தளத்தின் ஆவணம் தரும் விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. இலத்தீனை அடிப்படையாகக் கொண்ட செங்குத்து அளவுகளுக்குள் பொருந்துமாறு செறிவூட்டப்படாத வடிவங்களை இது தேர்ந்தெடுக்கும் என்றும், மேலும் கீழும் கூடுதல் இடம் தரும் என்றும் அவ்வாவணம் கூறுகிறது. அதாவது, இயல்பாகக் காட்டப்படும் வடிவம் இலத்தீன் பெட்டிக்காகக் குறுக்கப்பட்டது என்பதை ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

இதன் பின்னர் நிகழ்ந்தவை மூன்று. 2018இல் வெளியான ஆண்ட்ராய்டு 9, மாற்றெழுத்துருவின் உயரத்திற்கேற்ப வரியை விரித்துக்கொள்ளும் 'ஃபால்பேக் லைன் ஸ்பேசிங்' என்னும் பண்புக்கூற்றைக் கொணர்ந்தது. 2024இல் வெளியான ஆண்ட்ராய்டு 15, அதனை இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு எழில்வடிவத்தையே இயல்பிருப்பாக்கியது. உள்ளீட்டுக் கட்டங்கள் மொழிக்குரிய குறைந்தபட்ச உயரத்தைப் பெறவும் வழிசெய்தது. 2025இல் வெளியான ஆண்ட்ராய்டு 16, அதனை இலக்காகக் கொண்ட செயலிகளில் இப்பண்புக்கூற்றையே புறக்கணித்தது. செறிவடிவ எழுத்துருக்கள் கைவிடப்படுவதாகவும், அரபு, லாவோ, மியன்மார், தமிழ், குசராத்தி, கன்னடம், மலையாளம், ஒடியா, தெலுங்கு, தாய் ஆகிய எழுத்துகளுக்கு ஏற்பப் பெட்டிகளை மாற்றியமைக்குமாறும் நிரலர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. எழுத்தைக் குறுக்கும் கொள்கை பதினோர் ஆண்டுகளில் பெட்டியைத் திருத்தும் கொள்கையாக மாறியது.

4. பெயரிடலில் உறையும் மதிப்பீடு

நிரலாக்கத்தில் பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. அவை நிரலரின் கருத்தை வழிநடத்துகின்றன. 'எழில்' என்று பெயரிடப்பட்ட ஒன்று தேவையன்று, விருப்பம் என்னும் பொருளைத் தருகிறது. காலக்கெடுவுக்கு முன் பணியை முடிக்க விழையும் நிரலர் எழிலைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணுவது இயற்கை. இப்பண்புக்கூறு 'சிதையா உயரம்' என்றோ 'முழு உயரம்' என்றோ பெயர் பெற்றிருப்பின், அதனை அணைத்து வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்னும் எண்ணம் தோன்றியிருக்கும்.

இலத்தீனுக்கு இவ்வாறு இரு வடிவங்கள் இல்லை என்பதும் கருதத்தக்கது. இலத்தீனின் இயல்பான வடிவம் இயல்பு. தமிழின் இயல்பான வடிவம் எழில். தமிழின் குறுகிய வடிவம் இயல்பிருப்பு. இந்த வரிசைமாற்றத்தில் தீய நோக்கம் எதனையும் காணவேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட எழுத்தின் அளவைப் பொது அளவாகக் கருதும் பழக்கத்தின் விளைவே அது. எனினும் விளைவை அனுபவிப்பவர் வாசகர். நோக்கத்தின் தூய்மை அவருக்குப் பயன் தருவதில்லை.

'உயரமான எழுத்துகள்' என்னும் வகைப்பாடும் மறுபார்வைக்குரியது. இடைமுக வடிவமைப்பு வழிகாட்டிகள் தென்னாசிய, தென்கிழக்காசிய, மேற்காசிய மொழிகளின் எழுத்துகளை இவ்வாறு ஒரே தொகுதியில் அடக்குவதுண்டு. தாய் எழுத்தில் உயிர்க்குறியும் தொனிக்குறியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. தெலுங்கிலும் கன்னடத்திலும் கூட்டெழுத்துகள் கீழ்நோக்கி அடுக்கப்படுகின்றன. தமிழில் அத்தகைய அடுக்கு இல்லை; மெய்ம்மயக்கம் புள்ளியால் கிடைநிலையிலேயே காட்டப்படுகிறது. தமிழ் உயரத்தைவிட அகலத்தையே மிகுதியாக வேண்டும் எழுத்து. ணை, னொ, ஔ ஆகியவற்றின் அகலத்தை நோக்கினால் இது விளங்கும். ஆகவே செறிவடிவத்தால் தமிழுக்கு நேர்ந்த இழப்பை உயரக்குறைவு என்னும் பொதுச்சொல்லால் விளக்கிவிட முடியாது. எந்த உறுப்பு குறுகியது என்று கேட்க வேண்டும்.

5. விளிம்பில் வாழும் வேறுபாடுகள்

தமிழ் எழுத்தில் பொருளை வேறுபடுத்தும் உறுப்புகள் எங்கு அமைந்துள்ளன என்பதைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும்.

க, க் ஆகியவற்றின் வேறுபாடு மேலே அமைந்த ஒரு புள்ளி. கி, கீ ஆகியவற்றின் வேறுபாடு மேற்கொக்கியின் முனையிலுள்ள சிறு சுழி. கெ, கே ஆகியவற்றின் வேறுபாடு கொம்பின் மேற்சுழி. கொ, கோ ஆகியவற்றுக்கும் அதுவே. சு, சூ; மு, மூ; பு, பூ ஆகியவற்றின் வேறுபாடு கீழேயும் வலப்புறத்திலும் அமைகிறது. எ, ஏ ஆகியவற்றின் வேறுபாடு கீழிறங்கும் ஒரு சாய்கோடு; ஒ, ஓ ஆகியவற்றின் வேறுபாடு அடியிலுள்ள சுழி. அகர ஆகார வேறுபாடு மட்டுமே தனிக்கால் பெற்று வரியின் நடுப்பகுதியில் முழு உயரத்தில் நிற்கிறது. ஏனைய வேறுபாடுகள் பெரும்பாலும் விளிம்பில் வாழ்கின்றன.

செங்குத்துக் குறுக்கம் முதலில் தாக்குவது விளிம்பையே. எழுத்தின் உடற்பகுதியைக் காத்துக்கொண்டு உயரத்தைக் குறைக்க வேண்டுமாயின், புள்ளியை உடலுக்கு நெருக்கி வைக்கவும், கொக்கியைத் தாழ்த்தவும், வாலைச் சுருக்கவும் நேரும். சிறிய அளவில், குறைந்த ஒளியில், முதியோர் கண்ணுக்கு இவையே முதலில் மறையும் உறுப்புகள். விடு, வீடு, கொடு, கோடு, தொடு, தோடு, பெறு, பேறு, எடு, ஏடு, சுடு, சூடு ஆகிய சொற்கள் ஒரு சுழியாலோ ஒரு கோட்டாலோ பிரிந்து நிற்பவை.

புள்ளியின் மதிப்பைத் தமிழிலக்கணம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. மெய் புள்ளி பெற்று நிற்பதே அதன் இயல்பு எனவும், எகர ஒகரங்களுக்கும் அதுவே இயல்பு எனவும் தொல்காப்பிய நூன்மரபு வரையறுக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்து எகர ஏகாரக் குழப்பத்தை நீக்கினார் என்பது மரபுவழிச் செய்தி. எழுத்து வரலாற்றின் இவ்விரு நிலைகளும் ஒரே திசையில் செல்பவை: ஒலியில் உள்ள வேறுபாடு கண்ணுக்கும் புலப்பட வேண்டும். இடைமுகத்தின் செறிவடிவம் அதற்கு எதிர்த்திசையில் ஓர் அடி பின்வைத்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. அப்போதும் தமிழர் படித்தனரே என்பது அது. உண்மை. ஆனால் சுவடி வாசகர் விடுபட்டதைச் சூழலால் நிரப்பினார். யாப்பு அவருக்குத் துணைநின்றது. தொடரின் முன்பின் துணைநின்றன. ஆசிரியரிடம் பெற்ற பாடமும் துணைநின்றது. அவ்வாறு இருந்தும் சுவடிகளைப் பதிப்பித்தோர் ஏகார எகரங்களையும் மெய் உயிர்மெய்களையும் பிரித்தறியப் பட்ட துன்பம் பதிப்பு வரலாறு அறிந்தது. இடைமுகத்தில் அத்துணைகள் எவையும் இல்லை. பொத்தானில் நிற்பது ஒற்றைச் சொல். அதற்கு முன் தொடரும் இல்லை, பின் தொடரும் இல்லை. சூழல் மிகக் குறைந்த இடத்திலேயே வடிவத்தின் தெளிவு மிகத் தேவையாகிறது. 'யூஐ' எனப் பெயரிட்டு இடைமுகத்திற்கென்றே ஆக்கிய வடிவம் அதே தெளிவைக் குறைத்தது என்பதே இவ்வரலாற்றின் முரண்.

6. செறிவடிவத்தின் நியாயமும் எல்லையும்

செறிவடிவத்தை முற்றிலும் பழிப்பது நேர்மையாகாது. அது தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. செயலிகளின் பெட்டிகள் ஏற்கெனவே நிலைத்த உயரத்தில் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் முழுவடிவத்தை இட்டால் புள்ளியும் வாலும் வெட்டுண்டு போகும். வெட்டுண்ட எழுத்தைவிடக் குறுகிய எழுத்து மேல் என்பது மறுக்கவியலாத வாதம். புள்ளி தாழ்ந்திருந்தால் உற்றுநோக்கிப் படிக்கலாம். வெட்டுண்டால் படிக்கவே இயலாது. தள ஆக்குநர்கள் உலகெங்குமுள்ள செயலிகளைத் திருத்தும் ஆற்றல் பெற்றவர்கள் அல்லர். எழுத்துருவைத் திருத்துவதே அவர்கள் கையில் இருந்தது.

ஆயினும் அவ்வாதத்திற்கு எல்லைகள் உண்டு. முதலாவது, இடைக்காலத் தீர்வாக வந்தது இயல்பிருப்பாக நிலைத்தது. எழுத்து வெட்டுண்டால் பிழை வெளிப்படும், பயனர் முறையிடுவார், நிரலர் பெட்டியைத் திருத்துவார். எழுத்து குறுகினால் பிழை மறைந்துவிடுகிறது. திருத்த வேண்டியது பெட்டி என்பதை நிரலர் அறியும் வாய்ப்பையே செறிவடிவம் அகற்றியது.

இரண்டாவது, தெரிவின் சுமை தவறான தோளில் வைக்கப்பட்டது. ஒரு செயலியைத் தமிழில் வழங்கும் நிரலர் தமிழ் அறிந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவருக்குச் செறிவடிவமும் எழில்வடிவமும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் கண்டறியக்கூடிய வாசகரிடமோ அதனை மாற்றும் வசதி தரப்படவில்லை.

மூன்றாவது, எழுத்துருவை மாற்றினாலும் பெட்டி மாறாவிடின் பயனில்லை. எழில்வடிவத்தை இயக்கிய நிரலர், பெட்டியின் உயரத்தை நிலைத்த எண்ணால் எழுதியிருந்தால் மீண்டும் வெட்டுண்ட எழுத்தையே காண்பார். ஆகவே 2014இன் பண்புக்கூற்றைவிட 2018இல் வந்த வரி விரிவுப் பண்புக்கூறே உண்மையான திருப்பம் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. முன்னது இரு எழுத்துருக்களுள் ஒன்றைத் தேரச் சொன்னது. பின்னது வரி எழுத்துக்கு இணங்க வேண்டும் என்றது. 2024இன் மாற்றம் அவ்விணக்கத்தை நம்பியே நிகழ்ந்தது.

எழுத்தின் அளவைப் பயனர் பெருக்கிக்கொள்ளும் வசதியோடு இதனை இணைத்து நோக்கவேண்டும். ஆண்ட்ராய்டில் உரையின் அளவு பயனரின் விருப்பத்திற்கேற்ப விரியும் அலகில் எழுதப்படுகிறது. பெட்டியின் உயரமோ விரியாத அலகில் எழுதப்படுவதுண்டு. முதியவர் ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கினால் எழுத்து வளரும்; பெட்டி வளராது. தெளிவு வேண்டி அவர் செய்த செயலே எழுத்தை வெட்டிவிடும். அணுகல்தன்மை குறித்து 2018இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1, வரியிடைவெளியை எழுத்தளவின் 1.5 மடங்காக்கினாலும் உள்ளடக்கம் இழக்கப்படலாகாது என வரையறுக்கிறது. பெட்டி நெகிழவேண்டும் என்னும் கொள்கை எந்த எழுத்துக்கும் பொதுவானது என்பதை இது காட்டுகிறது. தமிழுக்கு நேர்ந்தது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. தமிழில் அது முன்னதாகப் புலப்பட்டது.

7. கருவியும் எழுத்துச் சீர்திருத்தமும்

கருவிக்காக எழுத்து மாறுவது தமிழுக்குப் புதிதன்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய வடிவங்கள் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாகுமாறு மாற்றப்பட்டன. 'குடி அரசு' இதழ் 1935 முதல் அவற்றைக் கையாண்டது. 1978இல் தமிழ்நாட்டு அரசின் ஆணை அவற்றை ஏற்றது. அம்மாற்றத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இருந்தனர். ஆனால் அது பொதுவெளியில் முன்வைக்கப்பட்டு, நாற்பதாண்டுக்கு மேல் விவாதிக்கப்பட்டு, பின்னரே நிலைபெற்றது. மாற்றப்பட்டவை வரையறுத்த சில எழுத்துகள். மாற்றமும் எழுத்துகளின் வேறுபாட்டைக் குறைக்கவில்லை.

செறிவடிவம் வந்த முறை வேறு. ஓர் எழுத்துருக் கோப்பு சேர்க்கப்பட்டது. ஒரு பண்புக்கூறு அணைந்த நிலையில் வைக்கப்பட்டது. அது வந்ததையும் பதினோர் ஆண்டுகள் இருந்ததையும் விடைபெறுவதையும் தமிழ்க் கல்விப்புலம் பேசுபொருளாக்கவில்லை. பொறுப்பைத் தளத்தின் மீது மட்டும் சுமத்துவது முறையன்று. எழுத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் சுவடியிலும் அச்சிலும் தேடும் நாம், திரையில் நிகழும் எழுத்து வரலாற்றைத் தொழில்நுட்பர்களின் உள்விவகாரமாக விட்டுவிட்டோம்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. இடைமுகத்தில் எழுத்துருவின் உயரம் அழகு பற்றியதன்று. எழுத்தின் அடையாளம் பற்றியது. தமிழில் குறில் நெடில், மெய் உயிர்மெய் வேறுபாடுகள் விளிம்பில் அமைந்துள்ளமையால் உயரக்குறுக்கம் நேரடியாகப் பொருள்தெளிவைத் தொடுகிறது. செறிவடிவம் ஓர் உடனடிச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் திருத்தவேண்டிய இடத்தை மறைத்தது. எழுத்தைப் பெட்டிக்குள் அடக்கும் முறையிலிருந்து பெட்டியை எழுத்துக்கு இணக்கும் முறைக்குத் தளம் வந்து சேர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது.

எனினும் பணி முடிந்துவிடவில்லை. புதிய விதி புதிய பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகளுக்கே பொருந்தும். பெட்டிகளை நிலைத்த எண்ணால் எழுதும் பழக்கம் தொடரும் வரை, முழுவடிவம் பெற்ற தமிழ் எழுத்து வெட்டுண்ட எழுத்தாகத் தோன்றும் அபாயம் இப்போது கூடியுள்ளது. தமிழில் வெளியாகும் செயலிகளின் சோதனைச் சொற்றொகுதியில் மேலும் கீழும் விரியும் எழுத்துகள் ஒருங்கே அமைந்த சொற்கள் இடம்பெற வேண்டும். குறில் நெடில் இணைச்சொற்களைக் கொண்டு, வெவ்வேறு அளவுகளிலும் எழுத்துருக்களிலும் வாசிப்புத் தெளிவை அளக்கும் ஆய்வுகளை மொழியியல் துறைகளும் கணினியியல் துறைகளும் இணைந்து மேற்கொள்ளலாம். இலக்கணம் புள்ளியை மெய்யின் இயல்பு என்றது. நிரலிலும் அது இயல்பாகவே இருத்தல் வேண்டும்; எழிலாக அன்று.